கலியாணத்தை மலையிலிருந்து இறக்கு

அன்புள்ள மகனே,

தாய் வயிற்றில் பிறந்த எவரும் நம்பப்போகாத ஒரு கதையை உனக்குச் சொல்வதற்காக டண்டினொங் மாநகரத்தில், என் குசினி மேசைக்கு முன்னால், கிழக்குப் பார்த்த கதிரையில், சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சாட்சிக்கு மேய்ஸ் ஹில் முருகனை அழைத்திருக்கிறேன். அவர் சிட்னியில் இருப்பவர், காரில் வந்தாலே ஒரு பகல் பிடிக்கும், மயிலில் வந்தால் இன்னும் தாமதம். ஆனாலும் அழைத்தது அழைத்ததுதான். என் கதைகளைப் பாதியில் நிறுத்துவது உன் பழக்கம் என்பதால், கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வருகிற மாசியில், பொலிவியா நாட்டில், கடலிலிருந்து மூன்றரைக் கிலோமீற்றர் உயரத்தில், அந்த உப்பு வெளியின் நடுவில் நீ வைத்திருக்கிற கலியாணத்தைக் கீழே இறக்கு. ஆற்றங்கரையோ, மாமர நிழலோ, ஏதாவதொரு பாடசாலை மண்டபமோ, மனிதர் மூச்சு விடுகிற உயரம் எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். உன் அம்மா அந்த உப்புக்கு ஏறினால் திரும்ப இறங்கமாட்டாள்.

இதை ஏன் ரெலிபோனில் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ எடுக்கும் நேரமெல்லாம் போன் ஸ்பீக்கரில் இருக்கிறது, பக்கத்தில் அம்மா இருக்கிறாள். வற்ஸ்அப்பில் எழுதலாம்தான், ஆனால் குடும்பக் குழுவில் என் சத்தத்தை நீ அணைத்து வைத்துப் பல மாதம் என்பது எனக்குத் தெரியும். அதற்கும் மேலாக ஒரு தடை இருக்கிறது. நடந்ததைப் பிள்ளைக்குச் சொல்லமாட்டேன் என்று உன் அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். நான் ஆயிரம் புளுகு புளுகுவேன், சத்தியத்தை மீறமாட்டேன். நித்திரை இல்லாமல் யோசித்து, உச்ச நீதிமன்றமே மூக்கில் விரல் வைக்கக்கூடிய ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தேன். பிள்ளைக்குச் சொல்லமாட்டேன் என்பதுதான் சத்தியம். ஊருக்குச் சொல்லமாட்டேன் என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஆகவே டண்டினொங் பலசரக்குக் கடைகளில், கறிவேப்பிலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில், இலவசமாக அடுக்கி வைத்திருக்கிற இந்த மாதப் பத்திரிகையில் ஊருக்குச் சொல்கிறேன். நீ ஒட்டுக்கேட்கிறாய், அவ்வளவுதான். மரக்கறி சுற்றுவதற்காக இதை எடுத்துப்போகிற அன்ரிமாரில் ஒருவராவது படம் பிடித்து உனக்கு அனுப்பாமல் விடமாட்டார். அம்மாவின் காதுக்கும் போகும். போகட்டும். அவள் என்னோடு கோபமாக இருப்பதற்கு அவளுக்கு உயிர் வேண்டும். அந்தக் கோபத்தை நான் நூறு வருடம் வாங்கிக்கொள்வேன்.

எனக்கு இருக்கிற பெரிய பயம், நீ நம்பமாட்டாய் என்பது. உன்னைக் குற்றம் சொல்ல முடியாது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இந்த நாட்டில் நான் வந்திறங்கிய நாளில் என் கடவுச்சீட்டுக்கு முத்திரை குத்தியது ஒரு கங்காரு என்று சொல்லியிருந்தேன். வாலைச் சுருட்டிக்கொண்டு கதிரையில் இருந்தது என்றும், என் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சந்தேகப்பட்டது என்றும் கொஞ்சம் உப்புப் புளி சேர்த்திருந்தேன். நீ அதை வகுப்பில் எழுந்து நின்று சொல்லிவிட்டாய். அன்று பின்னேரம் புத்தகப் பையை எறிந்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாய்: "அப்பா, இது ரியல் ட்ரூவா, அப்பா ட்ரூவா?" அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உண்மை இரண்டு வகையாகப் போயிற்று. சொந்தத் தலை பொறித்து நாணயம் அடித்த அரசனைப் போல நான் பெருமைப்பட்டேன். இன்று அந்த நாணயத்தை நீட்டுகிறேன், வாங்குவதற்கு ஆளில்லை.

கிளேட்டனில் உள்ள பல்கலைக்கழகத்தில் நீ கல்லையும் மண்ணையும் பற்றிப் படித்தாய். படித்து முடித்ததும், எல்லாப் பிள்ளைகளையும் போல முதுகில் ஒரு பையோடு ஊர் சுற்றப் போனாய். மற்றப் பிள்ளைகள் வெயிலில் கறுத்து, வயிற்றுப் புழுவோடு திரும்பி வந்தார்கள். நீ வரவில்லை. உயூனி என்கிற அந்தக் குளிர் ஊரில் ஒரு பழைய ஜீப்பில் பங்கு வாங்கி, சுற்றுலாப் பயணிகளை உப்பு வெளிக்கும் சிவப்பு ஏரிக்கும் வெந்நீர் ஊற்றுக்கும் ஏற்றி இறக்குகிறவனானாய். நான் இங்கே உன்னைப் பொலிவியாவின் போக்குவரத்து மந்திரி என்று சொல்லி வைத்திருக்கிறேன்; கடைக்காரர் இன்றும் அதை நம்புகிறார். பிறகு அந்த ஜீப்பில் பயணிகளுக்குச் சமைக்கிற மரிசோல் வந்தாள். ஸ்பீக்கரில் அவள் "மாமி" என்று கூப்பிட்ட முதல் நாளே உன் அம்மா உருகிப் போனாள். நான்கு மாதத்துக்கு முன் ஓர் இரவு, கலியாண இடத்தை அறிவித்தாய். மழைக் காலத்தில் உப்பின் மேல் ஒரு விரற்கடை தண்ணீர் நிற்கும், வானம் அப்படியே காலடியில் கிடக்கும், மேகத்தின் மேல் நின்று தாலி கட்டுவது போல இருக்கும் என்றாய். அந்த இடத்தை ஏன் தெரிந்தாய் என்றும் சொன்னாய். நாங்கள் முந்தி அங்கே வந்தபோது எடுத்த ஒரு படம் உன்னிடம் இருக்கிறது. அம்மா வெள்ளை வெளேரென்ற உப்பின் மேல் இரண்டு கையையும் விரித்து மல்லாந்து கிடந்து, வாயைத் திறந்து வானத்தைப் பார்த்துச் சிரிக்கிற படம். அதைப் பெரிதாக்கி ஜீப்பின் கதவில் ஒட்டியிருக்கிறாய், உங்கள் இணையப் பக்கத்தின் முகப்பிலும் அதுதான்.

"அம்மா அப்பிடிச் சிரிச்சு நான் லைஃபிலை பாத்ததில்லை," என்றாய். "அவ அவ்வளவு ஹப்பியா இருந்த இடத்திலைதான் எனக்குக் கலியாணம்."

உன் அம்மா கண்ணைக்கூட இமைக்கவில்லை. "ஓம் ராசா. நாங்கள் வாறம்," என்றாள். எனக்குக் கதிரை கால்களோடு சேர்ந்து பூமிக்குள் இறங்குவது போல இருந்தது.

இனி, இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தப் பயணத்துக்கு வருகிறேன். நாங்கள் வந்து இறங்கிய விமான நிலையம் இவ்வளவு உயரம் என்று நீ எச்சரித்திருந்தாய். ஆனால் அங்கே காற்று எப்படி மெலிந்து கிடக்கும் என்று சொல்லவில்லை. நெருப்புக்குச்சி தட்டினால் பற்றிக்கொள்ளவே தயங்குகிறது. பறவைகள் பறப்பதை விட்டுவிட்டு பஸ்ஸில் போகின்றன. நான் ஒரு கொட்டாவி விட்டேன், பக்கத்து வரிசையில் நின்ற மூன்று ஜெர்மன்காரர் காற்றில்லாமல் தடுமாறினார்கள். ஹொட்டேலில் முதல் வேலையாகக் கோக்கா இலைத் தேநீர் தந்தார்கள். மலை ஏறி வருகிற எல்லோருக்கும் அதுதான் வரவேற்பு. தெருவில் ஆட்கள் அதே இலையை, நம்மவர் வெற்றிலையை அடக்குவது போலக் கன்னத்தில் அடக்கி, சுண்ணாம்புக்குப் பதிலாகச் சாம்பல் உருண்டை சேர்த்துச் சப்புகிறார்கள். நான் பெரிய பாத்திரம் ஒன்று முழுவதையும் குடித்தேன். அம்மா கோப்பையைக் கையில் வைத்துச் சூடு பிடித்துவிட்டு, எனக்குத் தள்ளிவிட்டாள். குளிருக்கு விரல் காய்ச்சுகிறாள் என்று நினைத்தேன்.

நீ அப்போது வேறொரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு சிலி எல்லைப் பக்கம் போயிருந்தாய். எங்களை எலியாஸ் என்கிற சாரதியிடம் ஒப்படைத்திருந்தாய். எனக்கும் எலியாஸுக்கும் முதல் மணித்தியாலத்திலேயே ஆழமான நட்பு. காரணம், நான் ஸ்பானிய மொழியில் பண்டிதன். போர்த்துக்கீசர் எங்கள் யாழ்ப்பாணத்தில் மறந்துவிட்டுப் போன சொற்கள் அந்த மொழிக்குச் சித்தப்பன் மகன் முறை. நான் 'மேசை' என்றேன், அவர் மேசையைத் தொட்டார். 'சப்பாத்து' என்றேன், தன் சப்பாத்தைத் தூக்கிக் காட்டினார். 'அலுமாரி' என்றேன், கட்டிப்பிடித்தார். இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு வழி முழுவதும் தத்துவம், அரசியல், மாட்டு வைத்தியம் எல்லாம் பேசினோம். ஒட்டகத்தின் தம்பி போன்ற அந்த ஊர் மிருகம், லாமா ஒன்று எங்கள் ஜீப்பை மறித்து, எனக்குத் தமிழில் வணக்கம் சொல்லி, யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்ப் பக்கமோ என்று விசாரித்தது. இதெல்லாம் நீ கேட்டுக் கேட்டு அலுத்த பகுதி. நீ கேட்காத பகுதி, பின் இருக்கையில் அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது.

அவள் கந்தசஷ்டி விரதம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு நாள். தண்ணீர் மட்டும். நீ ரிக்கெட் போட்டு அனுப்பிய திகதிகளை அவள் கலண்டரில் பார்த்து, சஷ்டி அதற்குள் வருவதைக் கண்டு, வாயே திறக்கவில்லை. சொன்னால் நீ கத்துவாய், பயணத்தைப் பின்போடுவாய், உன் வேலை கெடும். நீ பிறந்த வருடத்திலிருந்து உனக்காக ஒரு முறையும் விடாத விரதத்தைக் கைவிடவும் அவளுக்கு மனமில்லை. உலகத்தில் எத்தனையோ சாதி மனிதர் அந்த மலைக்குச் சுற்றுலா வருகிறார்கள். சப்பாத்து வாங்குகிறார்கள், மாத்திரை வாங்குகிறார்கள், மாதக்கணக்கில் ஓடிப் பழகுகிறார்கள். வெறும் வயிற்றோடு, பச்சைத் தண்ணீரை மட்டும் நம்பி அங்கே ஏறுவதற்கு எங்கள் வீட்டில்தான் ஆள் உண்டு. கோக்காத் தேநீர் தண்ணீர் இல்லையாம், இலை அவித்த சாறாம்; அதனால்தான் கோப்பையைத் தள்ளினாள். மத்தியானம் எலியாஸ் ஜீப்பின் பின்கதவைத் திறந்து, கீன்வாச் சோறும் அவித்த மரக்கறியும் பரிமாறினார். அவள் கரண்டியால் கிண்டிக் கிண்டிக் கதைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அவள் தட்டிலிருந்தது எல்லாம் என் தட்டில். நானோ, அந்த ஊர்ச் சோறு தின்னத் தின்ன வளர்கிறது என்று எலியாஸுக்குக் கையால் விளக்கிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் அந்த விளையாட்டுப் படங்கள் எடுத்தோம். உனக்குத் தெரியாததா, உன் தொழிலே அது. அந்த வெள்ளையில் தூரமும் கிட்டமும் கண்ணுக்குப் பிடிபடாது. என்னைக் கிட்ட நிற்கவைத்து, அம்மாவைத் தள்ளி நிற்கவைத்து, அவள் என் உள்ளங்கையில் ஏறி நிற்பது போல எலியாஸ் எடுத்தார். வெளிக்கிடுவதற்கு முன் அம்மாவை இன்னும் தள்ளிப் போகச் சொன்னார். அவள் போனாள். தும்பியளவு ஆனாள். பிறகு குனிந்தாள், இருந்தாள், உப்பில் சாய்ந்தாள். நான் கை தட்டினேன். அந்த இடத்தில் எல்லோரும் படுக்கிறார்கள், குதிக்கிறார்கள், தலைகீழாக நிற்கிறார்கள். இவளும் கடைசியில் ஒரு சுற்றுலாப் பயணி ஆகிவிட்டாள் என்று சந்தோசப்பட்டேன். ஒரு கால் செருப்பு தனியாகக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் ஓடினேன்.

அந்த ஓட்டத்தைப் பற்றி நான் ஒன்றும் கூட்டிச் சொல்லப்போவதில்லை. ஓட முடியவில்லை. வாயைத் திறந்தால் காற்று வரவில்லை. எலியாஸ் என்னை முந்திப் போய் அவள் தலையை மடியில் வைத்தார். அவளுடைய உதடு நாவற்பழம் தின்ற பிள்ளையின் உதடு போல இருந்தது. மூச்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போல ஒரு சத்தம். எலியாஸ் ஏதோ கேட்டார், திரும்பத் திரும்பக் கேட்டார். வருத்தம் ஏதும் உண்டோ, மருந்து ஏதும் எடுப்பவளோ என்றுதான் கேட்டிருக்க வேண்டும். மேசை, சப்பாத்து, அலுமாரி, குசினி. என்னிடம் இருந்த பாண்டித்தியம் அவ்வளவுதான். நான் 'விரதம், விரதம்' என்று தமிழில் கத்திக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அந்த நிமிடத்தில்தான் அவளுடைய தட்டு எனக்கு ஞாபகம் வந்தது. ஜீப்பில் ஒக்சிசன் சிலிண்டர் வைத்திருக்க வேண்டும் என்பது உன்னுடைய கட்டளை என்று, சிக்னல் கிடைத்த பிறகு எலியாஸ் போன் மொழிபெயர்ப்பில் காட்டினார். மகனே, உன் அம்மாவை உயிரோடு வைத்தது நீ போட்ட அந்த ஒழுங்குதான். அதை உனக்குச் சொல்ல முடியாமல் இரண்டு வருடம் என் நாக்கு அரித்தது.

உயூனி டொக்டர் அவளைத் தொட்டுப் பார்த்ததும் கையைக் கீழ்நோக்கிக் காட்டினார். அந்தப் பாஷைக்கு அகராதி தேவைப்படவில்லை. கீழே இறக்கு. நோயாளிகளுக்கான ஒரு சின்ன விமானத்தில் சாந்தா குரூஸ் என்கிற தாழ்நிலத்து நகரத்துக்கு இறக்கினார்கள். எலியாஸும் எங்களோடு வந்தார். ஆஸ்பத்திரி யன்னலுக்கு வெளியே மாமரம், புழுக்கம், நுளம்பு. நுளம்பு பறந்து வந்து கடிக்கிற அளவுக்கு அங்கே காற்று இருந்தது; இந்த நுளம்புக்கு நான் கோயில் கட்டுவேன் என்று நினைத்தேன். நுரையீரலில் தண்ணீர் கோத்துவிட்டது என்றார்கள். அடுத்த நாள் கண் திறந்தாள். திறந்ததும் கையில் ஏறிக்கொண்டிருந்த சேலைனைப் பார்த்தாள்.

"இது ஏத்தினது விரதத்தோடை சேருமோ?"

சேரும் என்றேன். உப்புத் தண்ணீரும் தண்ணீர்தான் என்று, காஞ்சிபுரத்து மடாதிபதியின் குரலில் தீர்ப்புச் சொன்னேன். அவள் நிம்மதியாகக் கண்ணை மூடினாள். திரும்பத் திறந்து, கையை நீட்டி, "பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ," என்றாள். "தான் கூப்பிட்ட இடத்திலைதான் எனக்கு இப்பிடி வந்தது எண்டு கிடந்து வெந்துபோவான். பிறகு அந்த மலையைப் பாத்து ஒருநாளும் சிரிக்கமாட்டான். கையிலை அடியுங்கோ." அடித்தேன்.

ஆஸ்பத்திரி என்று மட்டும் கேள்விப்பட்டு, மூன்றாம் நாள் நீ ஓடி வந்தாய். நீ வாசலுக்கு வந்துவிட்டாய் என்று தெரிந்ததும் உன் அம்மா கட்டிலைவிட்டு இறங்கி, தலையை வாரிக் கொண்டை போட்டுக்கொண்டு, என்னைக் கட்டிலில் ஏறிப் படுக்கச் சொன்னாள். அவளுடைய போர்வையை என் கழுத்துவரை இழுத்துவிட்டு, பக்கத்துக் கதிரையில் கவலைப்படுகிற மனைவியாக உட்கார்ந்தாள். நர்ஸ் வந்தாள். என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கட்டிலில் தொங்கிய பெயரைப் பார்த்தாள். அம்மா உதட்டில் விரலை வைத்தாள். அந்த நர்ஸும் ஒரு தாய் போல இருக்கிறது. பேசாமல் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனாள். இவர் லாமா இறைச்சி தின்றுவிட்டார் என்று அம்மா சொல்ல, நீ என் காலடியில் நின்று, "லாமா இறைச்சி சாப்பிடாதேங்கோ எண்டு நான் சொன்னனான்தானே அப்பா," என்றாய். நான் முனகினேன். அந்த முனகலுக்கு உலகத்தின் எந்த நாடக மேடையிலும் எனக்கு மாலை போட்டிருப்பார்கள். அன்றிலிருந்து இந்த ஊரில் நான் லாமா அங்கிள். பிறந்தநாள் விழாக்களில் எனக்குப் பக்கத்திலிருந்து கோழிக்கறிச் சட்டியைத் தள்ளி வைக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் என் வயிற்றைத் தட்டி நலம் விசாரிக்கிறார்கள். பொறுத்துக்கொண்டேன்.

இப்போது என்ன நடக்கிறது என்று கேள். இங்கே டொக்டர் படம் எடுத்துப் பார்த்து, இன்னொரு முறை அந்த உயரத்துக்குப் போனால் இந்த நுரையீரல், விமானம் வரும்வரைக்கும் காத்திருக்காது என்று என் முன்னால் சொன்னார். உன் அம்மா தலையாட்டினாள். வெளியே வந்து காரில் ஏறியதும், அது விரதத்தால் வந்த மயக்கம்தானே, மாசியில் விரதம் ஒன்றும் இல்லையே, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் சரி என்றாள். ஊருக்கெல்லாம், பயணத்துக்கு டொக்டர் ஓம் என்றவர் என்று சொல்லி வைத்திருக்கிறாள். புளுகில் நான் முப்பது வருடம் சேர்த்த புகழை ஒரே நாளில் அவள் முறியடித்துவிட்டாள். காலையில் ஸ்டேஷன் பக்கத்துக் கார் தரிப்பிடத்தின் மாடிப்படிகளில் ஏறி மலைக்குப் பழகுகிறாள். இரண்டாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே நிற்கிற என்னைப் பார்த்துச் சேலை சரிசெய்கிறவள் போல நடிக்கிறாள். சிட்னிக்குப் போய், மரிசோலுக்குக் கூறைச் சேலை எடுத்து, தாலியை மேய்ஸ் ஹில் முருகனின் காலடியில் வைத்து வாங்கிவந்துவிட்டாள். நான் அவளுடைய பாஸ்போர்ட்டை அரிசி மூட்டைக்குள் ஒளித்தேன். இந்த வீட்டில் அரிசி அளப்பது அவள் என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. அன்றைக்குச் சோற்றோடு பாஸ்போர்ட்டையும் மேசையில் வைத்தாள்.

அன்றுதான் கேட்டேன். பகிடி இல்லாமல் கேட்டேன். "அவனிட்டைச் சொல்லுவம். கலியாணத்தைக் கீழை வைப்பான்."

"என்னாலை ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ரை கலியாணம் இடம் மாறுறதோ? அவளின்ரை ஆக்கள் எல்லாம் ஆயத்தம். என்னப்பா கதைக்கிறியள்?"

"அப்ப நீர் நில்லும். நான் போட்டு வாறன்."

அவள் கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்ரை பிள்ளையின்ரை கலியாணத்திலை நிக்க உதவாத மூச்சை வைச்சுக்கொண்டு நான் இஞ்சை என்ன செய்யிறது?"

வாயால் பிழைத்தவன் நான். அகதி விசா அதிகாரியின் முன்னாலும், வேலை கேட்ட தொழிற்சாலை வாசலிலும், உன் பாடசாலை அதிபரின் அறையிலும் என் வாய் ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை. அன்று கைவிட்டது. சோற்றைப் பிசைந்தேன், தின்னவில்லை.

ஆகவே மகனே, கெஞ்சுகிறேன். மரிசோலின் உறவுகள் மலைவாசிகள், தாழ்நிலத்துக்கு வந்தால் வியர்த்துக் கொட்டும் என்பாய். நான் பின்னால் நின்று விசிறுகிறேன். வியர்வையால் செத்தவர் எவரும் இல்லை. வானம் காலடியில் கிடக்காதே என்பாய். வாழையிலையில் தண்ணீர் தெளித்துப் பார், வானம் அதிலும் விழும். உப்புத்தான் முக்கியம் என்றால் ஒரு லொறி உப்பை மலையிலிருந்து இறக்கு, சாந்தா குரூஸ் மாமரங்களின் கீழ் நான் என் கையால் பரப்புகிறேன். இத்தனை பேரை மலைக்கு ஏற்றி இறக்கிய உனக்கு ஒரு கலியாணத்தை இறக்குவது பெரிய காரியமா? ஆனால் அம்மாவின் பெயரைச் சொல்லி இறக்காதே. அவள் அதைத் தாங்கமாட்டாள். அப்பாவுக்கு முழங்கால் என்று சொல், வயிறு என்று சொல், லாமா என்று சொல். என் பெயரில் எந்தப் புளுகையும் வைத்துக்கொள். உனக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கலியாணம் செய்யப்போகிறவனுக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் இருப்பது ஒன்றுதான். மரிசோல் தன் தட்டிலிருந்து உன் தட்டுக்குத் தள்ளுகிறாளா என்று பார்த்துக்கொண்டிரு. தள்ளினால் கதையை நிறுத்து. எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும் நிறுத்து.

இதற்கு மேல் நீ கேட்கப்போகிற கேள்வி எனக்குத் தெரியும், இடுப்பில் கை வைத்தபடி. சரி, சொல்கிறேன். கங்காரு முத்திரை குத்தவில்லை. பறவைகள் பஸ்ஸில் போகவில்லை. அந்த லாமாவுக்குத் தமிழ் தெரியாது, தெரிந்திருந்தாலும் மானிப்பாய் தெரியாது. நுளம்புக்குக் கோயில் கட்டப்போவதில்லை. வேண்டுமானால் ஆஸ்பத்திரியையும் விமானத்தையும்கூட என் கணக்கில் எழுதித் தள்ளிவிடு, எனக்குக் கவலையில்லை. ஒரேயொரு சின்னப் பகுதியை மட்டும் வைத்துக்கொள். நாங்கள் ஓடத் தொடங்குவதற்கு முந்திய நொடியில், அவள் விளையாட்டுக்குப் படுக்கிறாள் என்று நினைத்து எலியாஸ் தன் போனில் அவளைக் கிட்ட இழுத்து ஒரு படம் எடுத்தார். அது மற்றப் படங்களோடு சேர்ந்து தானாகவே உங்கள் கம்பனிக்கு வந்துவிட்டது. நீ அதைத் தெரிந்தெடுத்தாய். எலியாஸும் அவளுக்குக் கையில் அடித்துக் கொடுத்தவர், அதனால் உன் ஜீப்பின் கதவைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், கவனித்துப் பார். இப்போது வெளியே போ. வெளிச்சத்தில் நின்று அந்தக் கதவைப் பார். ஒரு கால் செருப்பு இல்லை. உதட்டின் நிறத்தைப் பார். அவள் சிரிக்கவில்லை, ராசா. அது மூச்சுக்காகத் திறந்த வாய்.

உன் அப்பா